டொனவனது கிருமி: சென்னையில் ஒரு மருத்துவர் வரலாறு

உலகிற் பிறந்து மறைந்தோர் எண்ணிலர். பெயர் நிலைக்கப்பெற்றோர் சிலர். மன்னர் பெயர் நகரங்களுக்கு இடப்படுவதுண்டு. வள்ளல்களின் பெயர் கல்விச்சாலைகளில் நிலைப்பதுண்டு. கண்ணுக்குப் புலப்படாத ஒரு நோய்க்கிருமியின் பெயரிற் பாதியாக நிலைபெற்றவர் ஒருவரும் உளர். அவரே சார்ள்ஸ் டொனவன் என்னும் மருத்துவர். காலா அசார் எனப்படும் கொடுங்காய்ச்சலை விளைவிக்கும் நுண்ணுயிருக்கு இலீஷ்மானியா டொனவானி என்பது பெயர். அப்பெயரின் பிற்கூறு இவரைக் குறிப்பது.

மருத்துவர் ஒருவரின் வரலாற்றை எழுதத் தமிழாசிரியனுக்கு என்ன உரிமை என வினவுவார் உளராயின், அவர்க்கு மூன்று விடை கூறுவேன். டொனவன் தம் அரும்பணியைச் செய்தது சென்னைப் பட்டினத்தில். அவரிடம் மருந்துண்ண வந்தோரிற் பெரும்பாலார் தமிழ் பேசும் ஏழை மக்கள். இது முதலாவது. அவர் அங்கே பணிபுரிந்த காலமே, திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளினின்றும் நம் முன்னோர் கங்காணிமாரின் பின்னே கடல் கடந்து, பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, ஹப்புத்தளை மலைகளில் வந்து குடியேறிய காலமுமாகும். இது இரண்டாவது. அவர் பெயரைத் தாங்கிய அதே கிருமி இன்று நம் இலங்கையின் வறண்ட வலயத்தில் வேறொரு கோலத்தில் உலவுகின்றது. இது மூன்றாவது. ஆதலின் இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று.

பிறப்பும் கல்வியும்

டொனவன் 1863ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். அவர் குடும்பம் அயர்லாந்து தேசத்தைச் சேர்ந்தது. தந்தையார் இந்தியாவில் நீதிபதியாக இருந்தவர். தொடக்கக் கல்வியை இந்தியாவிலே கற்ற அவர், பின்னர் அயர்லாந்திலுள்ள கோர்க் நகருக்கு அனுப்பப்பட்டார். டப்ளின் நகரத்துத் திரினித்திக் கல்லூரியில் மருத்துவம் பயின்று பட்டம் பெற்றார். 1891இல் இந்திய மருத்துவ சேவையிற் சேர்ந்து, பர்மாவின் மாண்டலே முதலிய இடங்களிற் படையினரோடு பணியாற்றிய பின், சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1898 முதல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பேராசிரியராக விளங்கினார். பகலிற் கற்பித்தலும், வைத்தியசாலையில் நோயாளரைப் பார்த்தலும், எஞ்சிய நேரத்தில் நுணுக்குக்காட்டியின் முன் அமர்தலுமே அவர் வாழ்க்கையாயின.

மலேரியா என்னும் போர்வை

அந்நாளிற் சென்னை வைத்தியசாலைக்கு ஒருவகை நோயாளர் வந்துகொண்டிருந்தனர். மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் அடிக்கும். கைகால்கள் குச்சியாய் மெலியும். வயிறு மட்டும் பானைபோற் பெருக்கும். கையால் அழுத்திப் பார்த்தால் மண்ணீரல் இடப்பக்கம் முழுவதும் பரந்து கிடக்கும். இறுதியில் வேறொரு சிறு நோய் வந்து பற்ற, அவர்கள் மாண்டுபோவர். வட இந்தியாவில் இந்நோய் கண்டாரின் தோல் கறுத்தமையால், கரிய நோய் என்னும் பொருளிற் காலா அசார் என்னும் பெயர் வழங்கிற்று. கலா என்பது கரியது. அசார் என்பது பாரசீகச் சொல், நோய் என்பது அதன் பொருள்.

சென்னை மருத்துவர்கள் இதனை நாட்பட்ட மலேரியா என்று எழுதி அமைந்தனர். மலேரியாக் கிருமியை லாவரன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1880இற் கண்டிருந்தார். அது நுளம்பினாற் பரவுதலை ரொனால்ட் ரோஸ் 1897இற் செகந்திராபாத்தில் நிறுவியிருந்தார். அவ்விரு வெற்றிகளின் ஒளி கண்ணைக் கூசச் செய்தமையால், நீடித்த காய்ச்சல் யாவும் மலேரியாவாகவே தோன்றிற்று. ரோஸ் தாமும் அசாம் நாட்டுக் காலா அசாரை மலேரியா என்றே கருதியிருந்தார். ஆனால் கொயினா மருந்து இந்நோயாளர்க்குப் பயன்படவில்லை. அவர்தம் இரத்தத்தில் மலேரியாக் கிருமியும் தென்படவில்லை. அளவை நூலார் காட்சியை முதலளவையாக வைப்பர். கண்ணாற் காணப்படாத ஒன்றைப் பிறர் கூறினர் என்பதற்காகவே ஏற்றுக்கொள்ள டொனவன் ஒருப்படவில்லை.

1903ஆம் ஆண்டு

அவ்வாண்டில், நாட்பட்ட மலேரியாவால் இறந்தார் எனக் குறிக்கப்பட்ட மூவரின் மண்ணீரலை டொனவன் சோதித்தார். சாயமூட்டிய கண்ணாடித் தகட்டில், முட்டை வடிவான மிகச் சிறிய உடலங்கள் செறிந்து கிடந்தன. ஒவ்வொன்றினுள்ளும் பெரியதொரு புள்ளியும் கோல்போன்ற சிறியதொரு புள்ளியும் இருந்தன. இவை மலேரியாக் கிருமிகள் அல்ல என்பது தெளிவு. வேறு யாவை என்பதோ தெளிவாகவில்லை.

அந்நிலையில் இங்கிலாந்திலிருந்து ஒரு மருத்துவ இதழ் வந்தது. மே மாதம் 30ஆம் நாள் வெளியான அவ்விதழில் வில்லியம் பூக் இலீஷ்மன் என்னும் படைமருத்துவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையிற் காய்ச்சல் கண்டு, இங்கிலாந்தின் நெற்லி என்னுமிடத்து வைத்தியசாலையில் இறந்த ஒரு போர்வீரனின் மண்ணீரலில், 1900ஆம் ஆண்டிலேயே அவர் இத்தகைய உடலங்களைக் கண்டிருந்தார். ஆனால் அவற்றை, உறக்க நோயை விளைவிக்கும் திரிப்பனோசோம் என்னும் கிருமிகள் சிதைந்த எச்சமாக அவர் கருதினார். அந்நாளில் உறக்க நோயே மருத்துவ உலகின் பேச்சாக இருந்தது. அதனை உகண்டாவில் ஆராய்ந்த இத்தாலியராகிய அல்டோ கஸ்டெலானி அதே 1903இற் கொழும்பிற் பணியேற்றவர் என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

டொனவனின் அறிவு நுட்பம் வெளிப்பட்ட இடம் இதுவே. இவ்வுடலங்கள் செத்த பின் சிதைந்த எச்சங்களாயின், உயிரோடிருக்கும் நோயாளியிடம் அவை காணப்படா. உயிரோடிருப்பவரிடமும் அவை காணப்படுமாயின், இலீஷ்மன் கொள்கை நில்லாது; அவை அவ்வடிவிலேயே வாழும் உயிர்கள் என்பது பெறப்படும். இதனைத் துணிதற்கு, நோயாளியின் மண்ணீரலில் ஊசி செலுத்தி இரத்தம் எடுக்கவேண்டும். வீங்கிய மண்ணீரல் குருதி பெருகி வழியக்கூடிய உறுப்பு. கை தவறினால் உயிருக்கு இறுதி.

ஜூன் மாதம் 17ஆம் நாள், ஒழுங்கற்ற காய்ச்சலால் வருந்திய பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலிலிருந்து டொனவன் இரத்தம் எடுத்தார். அவன் இரத்தத்தில் மலேரியாவின் அடையாளம் எதுவும் இல்லை. ஆனால் மண்ணீரல் இரத்தத்திலோ அந்த முட்டை வடிவ உடலங்கள் இருந்தன. ஜூலை 11ஆம் நாள் அச்செய்தி அதே இதழில் வெளியாயிற்று.

மருத்துவ வழக்குப்படி அச்சிறுவனின் பெயர் கட்டுரையில் இடம்பெறவில்லை. அவன் வயதும் நோயுமே உள்ளன. அவன் எத்தெருவிற் பிறந்தான், பின் பிழைத்தானா என்பன போன்ற வினாக்கள் எனக்கு எழாமலில்லை. தோட்டப் பேரேடுகளில் எண்ணாகவும் கைந்நாட்டாகவும் மட்டும் எஞ்சி நிற்கும் நம் பாட்டன் பாட்டிமாரை அவன் எனக்கு நினைவூட்டுகின்றான்.

பெயரிடு படலம்

டொனவன் தம் கண்ணாடித் தகடுகளைப் பாரிசிலிருந்த லாவரனுக்கும், லிவர்பூலிலிருந்த ரோசுக்கும் அனுப்பினார். லாவரனும் அவர் துணைவர் மெஸ்னிலும் அதனைக் கால்நடைகளைப் பற்றும் பைரோபிளாஸ்மா என்னும் இனத்திற் சேர்த்து, டொனவனின் பெயரை அடையாக இட்டனர். ரோசோ, இது முன்னர் அறியப்படாத புத்தினம் என்று துணிந்து, 1903 நவம்பரில் இலீஷ்மானியா டொனவானி என்று பெயர் சூட்டினார். முதலிற் கண்டவர் இலீஷ்மன். உயிரோடிருந்த நோயாளியிடம் கண்டு அதன் இயல்பைத் துணிந்தவர் டொனவன். யாருக்கு முதன்மை என்ற வழக்கு மூண்டிருந்த வேளையில், இருவரையும் ஒரே பெயரில் அமைத்து ரோஸ் அதனைத் தீர்த்துவைத்தார்.

இலக்கணம் கற்பார்க்கு இப்பெயர் சுவை தருவது. இலீஷ்மன் டொனவன் உடலங்கள் என மருத்துவர் வழங்கும்போது அது உம்மைத்தொகை. இலீஷ்மானியா டொனவானி என்னும்போது முன்னது இனத்தைக் குறிக்கும் பொதுப்பெயர். பின்னது இலத்தீனில் ஆறாம் வேற்றுமை ஏற்ற சொல், டொனவனது என்பது பொருள். வேற்றுமை உருபொன்று இரு மருத்துவரின் பூசலைத் தீர்த்த கதை இது.

மறுவருடம் கல்கத்தாவில் லெனார்ட் ரொஜர்ஸ் இக்கிருமியை உடலுக்கு வெளியே வளர்த்தார். அங்கே அது வாலுடைய நீண்ட வடிவங் கொண்டு நீந்திற்று. மனித உடலினுள் உருண்டையாகவும், புறத்தே வாலுடனும் வாழும் இருநிலைப் பிறவி அது என்பது புலனாயிற்று.

விழுங்குவதும் விருந்தோம்புவதும்

உடலினுள் அது எங்கே வாழ்கின்றது? சென்னையில் இதனை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ் முதலியோர், இக்கிருமிகள் பெரிய கலங்களினுள்ளே அடைந்து கிடத்தலைக் கண்டனர். அக்கலங்களே மக்ரோபேஜ் எனப்படுவன. மக்ரோஸ் என்னும் கிரேக்கச் சொல் பெரியது என்றும், பேகெய்ன் என்பது உண்ணல் என்றும் பொருள்படும். பெருந்தின்குழியம் என நாம் தமிழிற் கூறலாம்.

இப்பெயரை வழங்கியவர் உருசியரான எலி மெச்னிகொவ். 1882இல் இத்தாலியின் மெசீனா நகரில், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் ரோசா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாட் காலையில் முள்ளைச் சுற்றி நகரும் கலங்கள் மொய்த்திருந்தன. உடலிற் புகும் அந்நியப் பொருளை விழுங்கிக் காக்கும் கலங்கள் உண்டு என்பதை அதனாற் கண்டறிந்தார். 1908இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது.

இக்கலங்களின் தொழில் ஒன்றன்று. ஈரலிலும், மூளையிலும், என்பு மச்சையிலும் அவை உறைகின்றன. நுரையீரலில் இருப்பவை நாம் மூச்சோடு உள்ளிழுக்கும் தூசை விழுங்குகின்றன. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்வோரின் நுரையீரலில் அவற்றுக்கு ஓய்வேது? மண்ணீரலில் இருப்பவை, ஏறத்தாழ 120 நாள் உழைத்து மூப்படைந்த செங்குழியங்களை விழுங்கி, அவற்றிலுள்ள இரும்பை மீட்டுக் கொடுக்கின்றன. கவ்வாத்துக் கத்தி பட்டு ஒருவர் கையில் வெட்டு நேருமாயின், முதல் நாட்களில் இக்கலங்கள் கிருமியை அழிக்கும் போர்வீரராக நிற்கின்றன. பின்னர்ப் போர்க்கோலம் களைந்து, புதுத் தசையும் இரத்தக் குழாயும் வளரத் துணைபுரியும் கொத்தனாராக மாறுகின்றன.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதைக் கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வு விளக்கிற்று. ஆர்ஜினைன் என்னும் ஒரே மூலப்பொருளைக் கொண்டு இக்கலம் இரு வேறு பண்டங்களைச் செய்யவல்லது. மற்றொரு வகை வெண்குழியம் இன்டர்பெரோன் காமா என்னும் சமிக்ஞையை அனுப்புமாயின், ஆர்ஜினைனிலிருந்து நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் நச்சு வாயு ஆக்கப்படும், கிருமி மடியும். வேறு சமிக்ஞை வருமாயின், அதே ஆர்ஜினைன் கலங்கள் பெருகுதற்கு வேண்டிய பொருளாக மாற்றப்படும், புண் ஆறும். எலிகளிற் செய்த சோதனைகளால் இவ்விரு போக்குகளும் தெளிவாயின. 2000ஆம் ஆண்டளவில் இவற்றுக்கு எம்1, எம்2 எனப் பெயரிட்டனர். இவை இரண்டே பெட்டிகள் அல்ல, இடையிற் பல படிகள் உண்டு என்பது பின்னர் வந்த ஆய்வாளரின் துணிபு.

என்னிடம் பண்டித வகுப்பிற் கற்கும் மாணாக்கர் ஒருவர், காவற்காரன் வீட்டில் கள்வன் எங்ஙனம் குடியிருப்பான் என்று வினவினார். வினா நன்று. டொனவனது கிருமியின் தந்திரம் அதுவே. மணல் ஈ கடிக்கும்போது தோலிற் புகும் கிருமியைப் பெருந்தின்குழியம் வழக்கம்போல் விழுங்குகின்றது. பிற கிருமிகளைக் கரைத்துவிடும் புளிப்பு மிகுந்த அறையினுள், இக்கிருமி வாலை உதறி உருண்டையாகிப் பெருகுகின்றது. கலத்தின் போர்க்குணத்தை அடக்கி, வளர்க்கும் குணத்தின் பக்கம் சாய்க்கின்றது. வளர்ச்சிக்கென ஆக்கப்படும் பொருள் கிருமிக்கே உணவாகின்றது. நிறைந்த கலம் வெடிக்க, வெளிவந்த கிருமிகளை அடுத்த கலங்கள் விழுங்குகின்றன. இங்ஙனம் நிறைந்து வீங்கியதே அச்சென்னைச் சிறுவனின் மண்ணீரல்.

கயக்கிருமியும் தொழுநோய்க் கிருமியும் இதே கலங்களிற் பதுங்குவன. இரத்தக் குழாய்ச் சுவரிற் கொழுப்பை விழுங்கி நுரைபோல் வீங்கி மாரடைப்புக்கு வழி செய்வதும், புற்றுக்கட்டியினுள் புகுந்து அதன் வளர்ச்சிக்கு உதவுவதும் இக்கலங்களே. ஆதலின் இன்றைய மருத்துவர், இக்கலங்களை அழிக்க நினையாது, எச்சமிக்ஞையால் எப்பக்கம் திருப்பலாம் என்றே ஆராய்கின்றனர்.

இரண்டாம் கண்டுபிடிப்பு

டொனவனுக்கு மற்றுமொரு பெருமை உண்டு. பாலுறவாற் பரவி, மறைவிடத்திற் புண்ணை விளைவித்து நாட்கணக்கில் ஆறாது அரிக்கும் நோயொன்று சென்னையில் இருந்தது. 1905இல் அத்தகைய நோய்ப் புண்ணைச் சோதித்து, பெருந்தின்குழியங்களினுள்ளே கிடந்த வேறு சில உடலங்களை அவர் கண்டார். அது பற்றீரியா வகையைச் சேர்ந்தது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. நோய்க்கு டொனவனோசிஸ் என்றும், உடலங்களுக்கு டொனவன் உடலங்கள் என்றும் பெயர் வழங்குகின்றது. ஒரே வகைக் கலத்தினுள் மறைந்து வாழ்ந்த இருவேறு கிருமிகளை ஒரே நகரில் ஒருவரே கண்டது வியப்பிற்குரியது.

மருந்தும் பரப்புவோனும்

கிருமியைக் கண்டதனால் நோய் தீர்ந்துவிடவில்லை. மருந்திடாத காலா அசார் பெரும்பாலும் உயிரைக் கொண்டே செல்வது. 1920இல் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரமச்சாரி யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தை ஆக்கிப் பல்லாயிரவர் உயிரைக் காத்தார். பரப்புவோன் யாரென்ற தேட்டம் மேலும் நீண்டது. மூட்டைப்பூச்சி என்று பலர் நெடுங்காலம் ஐயுற்றனர். 1942இல் அசாமிற் சுவாமிநாத், சோர்ட், அண்டர்சன் ஆகிய மூவரும், தாமாக முன்வந்தோரை மணல் ஈக்கள் கடிக்கச் செய்து, அவற்றாலேயே இந்நோய் பரவுகின்றது என நிறுவினர். டொனவன் கண்ட நாளிலிருந்து அதற்கு 39 ஆண்டுகள் சென்றன.

பிற்காலம்

1911இற் சென்னையில் இராயப்பேட்டை வைத்தியசாலை திறக்கப்பட்டபோது டொனவன் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1919இற் பணியினின்றும் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். இயற்கையை நோக்குவதில் அவருக்கு இளமை முதல் இருந்த ஆர்வம் முதுமையிலும் தணியவில்லை. வண்ணத்துப்பூச்சிகளில் அவர் பெரிதும் ஈடுபட்டிருந்தார். அயர்லாந்தின் வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் நிரற்படுத்தி 1936இல் ஒரு நூல் வெளியிட்டார். நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு புள்ளியையும் தவறவிடாத கண், சிறகின் ஒரு கோட்டையும் தவறவிடவில்லை. 1951 ஒக்டோபர் 29ஆம் நாள் தமது 88ஆம் வயதிற் காலமானார்.

நம் நாட்டில் இன்று

மலேரியாவை ஒழித்த நாடு என 2016இல் இலங்கை சான்று பெற்றது. ஆயின் டொனவனது கிருமி நம் நாட்டில் இன்றும் உளது. 1992இல், நாட்டை விட்டு வெளியே செல்லாத ஒருவரிடம் இந்நோய் முதன்முறையாக அறியப்பட்டது; 2008 முதல் இது அறிவிக்கப்படவேண்டிய நோயாயிற்று. அநுராதபுரம், பொலன்னறுவை, ஹம்பாந்தோட்டை மாவட்டங்களில் மிகுதியாகக் காணப்படுகின்றது. ஊவாவின் மொனராகலை மாவட்டம் ஹம்பாந்தோட்டையின் அண்டை என்பதை நாம் மறத்தலாகாது.

வியப்பு யாதெனில், இந்தியாவில் மண்ணீரலைத் தாக்கி உயிர் குடிக்கும் அதே இனம், இங்கே பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகின்றது. முகத்திலோ கையிலோ சிறு பருவாகத் தோன்றி, வலியும் அரிப்புமின்றிப் பல மாதம் ஆறாதிருக்கும். கிருமியின் சிறு வேறுபாடும், அதனை ஏற்கும் உடலின் இயல்பும் இதற்குக் காரணமாக ஆராயப்படுகின்றன. வலியில்லாமையே இதன் வஞ்சகம்; வலிக்காத புண்ணுக்கு ஒரு நாட் சம்பளத்தை இழந்து வைத்தியசாலைக்குச் செல்வார் யார்? வாரக்கணக்கில் ஆறாத பருவொன்று இருப்பின் தோல் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பதைத் தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர்கள் மாணவர்க்கும், மாணவர் வழியாக லயங்களில் வாழும் பெற்றோர்க்கும் எடுத்துரைத்தல் நன்று. ஊசியாலும், உறையவைத்து அழிக்கும் முறையாலும் குணப்படுத்தக்கூடிய நோய் இது.

பங்களாதேசம் காலா அசாரை மக்கள் நலப் பிரச்சினை என்னும் நிலையினின்று நீக்கியதாக 2023இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அச்சிறப்பை உலகில் முதற்கண் பெற்ற நாடு அதுவே. அவ்வெற்றிக்கு அடிக்கல் இட்ட நாட்களுள் ஒன்று, பிறர் மலேரியா என்று மூடிவைத்த நோயைச் சென்னை மருத்துவர் ஒருவர் தம் கண்ணாற் பார்க்கத் துணிந்த அந்த ஜூன் மாதத்து நாள். டொனவனின் பெயரைப் பாடநூலில் வாசிக்கும் மாணவர், அன்று ஊசிக்குத் தன் மண்ணீரலைக் கொடுத்த பெயரறியாத அப்பன்னிரண்டு வயதுச் சிறுவனையும் உடன் நினைப்பாராக.